பட்டினி மருந்தான வரலாறு

உண்ணாதிருத்தலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. உணவு கிட்டாமையால் வயிறு காய்ந்து கிடப்பது பட்டினி. உணவு இருந்தும் இறைவனை எண்ணி உண்ணாதிருப்பது நோன்பு. அதனையே விரதம் என்றும் வழங்குவர். ஒருவேளை உண்டு மறுவேளை தவிர்ப்பது ஒருபொழுது. மானம் குன்றியபின் வாழ விரும்பாது வடதிசை நோக்கி அமர்ந்து உயிர்விடுவது வடக்கிருத்தல். காய்ச்சற்காரனுக்கு வைத்தியர் விதிப்பது இலங்கணம். இச்சொற்கள் ஒவ்வொன்றும் வாழ்க்கையின் ஒவ்வொரு நிலையிலிருந்து பிறந்தவை. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பேசினால் பொருள் சிதைந்துவிடும். நோயில்லாத ஒருவர் உடல் எடையைக் குறைக்கும் பொருட்டு நாள்தோறும் 16 மணி நேரம் உண்ணாதிருந்து, எஞ்சிய 8 மணி நேரத்திற்குள் உணவை முடித்துக்கொள்ளும் இக்கால வழக்கத்திற்கு இவற்றுள் எச்சொல்லும் முற்றப் பொருந்தவில்லை. அதனால்தான் போலும், தலைநகரில் வளரும் நம் பிள்ளைகள் அதனை 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' என்னும் ஆங்கிலப் பெயராலேயே வழங்குகின்றனர்.

இவ்வழக்கம் இப்போது நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. காலையில் இட்லித் தட்டு காத்திருக்க, மகன் வெறும் கறுப்புக் காப்பியோடு அலுவலகம் புறப்படுகிறான். தாய் வருந்துகிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியோ, "இதில் என்ன புதுமை? ஏகாதசியும் சஷ்டியும் நாங்கள் இருந்ததுதானே! நம் முன்னோர் சொன்னதை வெள்ளைக்காரன் இன்றுதான் கண்டுபிடித்திருக்கிறான்" என்கிறாள். விழா மேடைகளிலும் இக்கூற்றுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. இஃது எந்த அளவுக்கு உண்மை என்பதை வரலாற்று நோக்கில் ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

இலங்கணமும் பலகாரமும்

'லங்கணம் பரம ஔஷதம்' என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். பட்டினியே சிறந்த மருந்து என்று அதற்குப் பொருள் கூறுகிறோம். ஆயின் அச்சொல் பிறந்த இடத்தில் அதன் பொருள் அவ்வளவு குறுகியதன்று. சரக சங்கிதையின் சூத்திரத் தானத்தில் 22-ஆம் இயல் லங்கணத்தைப் பற்றிப் பேசுகிறது. உடலை இலேசாக்குவது எதுவோ அது லங்கணம் என்பது அந்நூலின் கருத்து. அங்கே பத்து வகை லங்கணங்கள் எண்ணப்படுகின்றன. உடலைத் தூய்மை செய்யும் முறைகள் நான்கு. தாகத்தைப் பொறுத்தல், காற்று, வெயில், செரிமானம் தரும் மருந்துகள், உண்ணாதிருத்தல், உடற்பயிற்சி ஆகியன ஏனைய ஆறு. ஆக, பட்டினி என்பது பத்தில் ஒன்றே. காய்ச்சற் காலத்துப் பத்தியத்தில் அந்த ஒன்றே நம் மக்கள் நினைவில் தங்கி, முழுச்சொல்லையும் தனதாக்கிக்கொண்டது.

இதனினும் வியப்பானது முந்திய 21-ஆம் இயல். மிகப் பருத்தவர், மிக மெலிந்தவர் உள்ளிட்ட எட்டு வகை உடலினரை அது எடுத்துரைக்கிறது. பருத்தவர்க்கு என்ன மருந்து? பட்டினி கிட என்று சரகர் கூறவில்லை. பருத்தவரின் வயிற்றுத் தீ மிகுந்திருக்கும். அதற்கு உணவு இடாவிடில் கேடு விளையும் என்பது அவர் கணிப்பு. எனவே, செரிக்க நெடுநேரம் ஆவதும் ஆனால் உடலை வளர்க்காததுமான உணவை அவர் பரிந்துரைக்கிறார். வாற்கோதுமையும் பயறும் தேனும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. வயிறு நிரம்ப வேண்டும், உடல் பெருக்கக் கூடாது என்னும் இக்கருத்து, நார்ச்சத்து மிகுந்த உணவை இன்றைய மருத்துவர் வற்புறுத்துவதோடு ஒப்பிடத்தக்கது. பட்டினியைக் காட்டிலும் இதுவே நம் முன்னோரின் பெருமைக்கு நல்ல சான்று என்பது என் எண்ணம். மேடையில் இதைச் சொல்வார்தாம் இலர்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதும் இவ்வழியிலேயே செல்கிறது. முன் உண்டது அற்றதை அறிந்து, பசித்தபின், அளவறிந்து உண்பவனுக்கு மருந்தென ஒன்று வேண்டா என்பது அதன் சாரம். உணவும் செயலும் மிகினும் நோய், குறையினும் நோய் என்று முதற்குறளுக்குப் பரிமேலழகர் பொருள் விரித்தார். வள்ளுவர் பேசுவது அளவைப் பற்றியும் காலத்தைப் பற்றியுமே. கடிகாரம் பார்த்துப் பட்டினி கிடப்பதைப் பற்றி அன்று. பசிக்காதபோது உண்ணாதே என்பது வேறு, பசித்தபோதும் உண்ணாதே என்பது வேறு.

விரதங்களைப் பற்றியும் ஒரு சொல். உபவாசம் என்னும் வடசொல்லுக்கு அருகில் வசித்தல் என்பது பொருள். இறைவனுக்கு அருகில் இருத்தலே அங்கு நோக்கம். இடைச்சுற்றளவு அங்கே கணக்கில் வரவில்லை. உடல் இளைக்க வேண்டும் என்று நம் பாட்டியர் ஏகாதசி இருந்ததில்லை. அவர்கள் பெரும்பாலும் இளைத்தே இருந்தனர். விரத இரவுகளில் சோற்றை விலக்கிப் பலகாரம் உண்பது நம் வழக்கம். பழ உணவு எனப் பொருள்படும் பலாகாரம் என்ற சொல்லே பலகாரம் ஆயிற்று என்பர். சொல்லில் பழம் இருக்கிறது. இலையில் இருப்பதோ உப்புமாவும் அடையும். இவ்வகையில் வடநாட்டாரும் நமக்கு இளைத்தவர் அல்லர். நவராத்திரி நாட்களில் இங்கே அரிசியும் கோதுமையும் விலக்கப்படும். ஆனால் குட்டு மாவுப் பூரியும் ஜவ்வரிசி வடையும் இந்துப்பு இட்ட உருளைக்கிழங்கும் விரத உணவென உணவகங்களில் தட்டு நிறையப் பரிமாறப்படும். ஒன்பது நாள் விரதத்தின் முடிவில் எடை கூடியவர்களை நான் அறிவேன். இதில் ஏளனத்திற்கு இடமில்லை. அவ்விரதத்தின் குறிக்கோள் எடை அன்று என்பதற்கு இதுவே சான்று.

அமெரிக்காவில் எழுந்த அலை

அவ்வாறாயின் பட்டினியை உடல்நல முறையாகப் பரப்பிய இயக்கம் எங்கே எழுந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உணவு மிகுந்துவிட்ட அமெரிக்க நாட்டில் எழுந்தது.

1880-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் நியூயார்க் நகரில் கிளாரண்டன் மண்டபத்தில் ஹென்றி டானர் என்னும் மருத்துவர் பொதுமக்கள் முன்னிலையில் பட்டினியைத் தொடங்கினார். நாற்பது நாள் உண்ணாமல் ஒரு மனிதன் உயிர்வாழ இயலும் என்று மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். அவர் ஒளித்து உண்கிறாரா என்று இரவு பகலாகக் காவல் இருந்தனர். செய்தித்தாள்கள் நாள்தோறும் அவர் நாடித்துடிப்பை அச்சிட்டன. ஆகஸ்ட் 7-ஆம் நாள் அவர் நோன்பை முடித்தபோது சுமார் 36 பவுண்டு எடை குறைந்திருந்தார். அதன்பின் ஐரோப்பாவில் பட்டினி கிடப்பதே ஒரு காட்சித் தொழிலாயிற்று. இத்தாலியரான சுச்சி என்பவர் அதில் பேர்பெற்றவர். 1888-இல் ஃபிளாரன்சில் அவர் கிடந்த 30 நாள் பட்டினியை லூச்சானி என்னும் உடலியல் அறிஞர் அளந்து ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். காஃப்கா 1922-இல் எழுதிய 'பட்டினிக் கலைஞன்' என்னும் கதைக்குப் பின்புலம் இத்தகையோரே.

டானர் காட்டியது பட்டினியைத் தாங்கலாம் என்பது. பட்டினியால் நலம் பெறலாம் என்று கொள்கை வகுத்தவர் எட்வர்ட் ஹூக்கர் டூயி. இவர் பென்சில்வேனியா மாநிலத்தின் மீட்வில் என்னும் ஊரில் மருத்துவராக இருந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைமருத்துவராகப் பணியாற்றியவர். எதை உண்டாலும் வயிற்றில் தங்காத நோயாளிகள், தண்ணீரன்றி ஏதும் கொள்ளாமலேயே தேறியதைக் கண்டு அவர் சிந்திக்கத் தொடங்கினார். உடலியல் நூல் ஒன்றில் அவர் ஓர் அட்டவணையைக் கண்டார். பட்டினியால் இறந்த உடலில் எந்த உறுப்பு எவ்வளவு குறைகிறது என்பது அதில் இருந்தது. கொழுப்பில் நூற்றுக்கு 97 பங்கு கரைந்துவிடுகிறது. தசையில் 30 பங்கு. மூளையிலும் நரம்பு மையங்களிலும் குறைவு ஏதுமில்லை. இதைப் படித்ததும் அவர் உள்ளத்தில் ஓர் ஒளி தோன்றிற்று. நோயுற்றபோது மூளை உடலின் சேமிப்பிலிருந்தே தன் உணவை எடுத்துக்கொள்கிறது. ஆகவே நோயாளிக்கு வலிந்து உணவு ஊட்டுதல் தீது என்று அவர் முடிவு கட்டினார். நலமாக உள்ளவர்க்கும் காலையுணவு வேண்டா என்பது அவர்தம் அடுத்த படி. 1900-இல் வெளிவந்த அவருடைய 'காலையுணவு நீக்கும் திட்டமும் பட்டினி மருத்துவமும்' என்னும் நூல் அட்லாண்டிக் கடலின் இருகரையிலும் பரவியது. இன்று மகன் இட்லியை ஒதுக்கிப் புறப்படும் வழக்கத்தின் முன்வடிவத்தை இந்நூலிலேயே காணலாம்.

'காடு' என்று பொருள்படும் நாவலை 1906-இல் எழுதிப் புகழடைந்த அப்டன் சின்க்ளேர், தம் செரியாமையும் தலைவலியும் பட்டினியால் நீங்கின என்று 1911-இல் 'பட்டினி மருத்துவம்' என்னும் நூலை வெளியிட்டார். நாவலாசிரியரின் நடை அல்லவா? படித்தவர் எல்லாம் பட்டினி கிடக்க விரும்பினர்.

அதே 1911-இல் இவ்வலையின் மறுபக்கமும் வெளிப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒலாலா என்னும் சிற்றூரில் லிண்டா ஹாசர்ட் என்னும் பெண்மணி பட்டினி மருத்துவ நிலையம் நடத்திவந்தார். டூயியின் வழிவந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். முறையான மருத்துவப் பட்டம் பெறாதவர். செல்வம் மிக்க இங்கிலாந்துச் சகோதரியர் இருவர், கிளேர், டோரதியா வில்லியம்சன் என்போர், இவரது நூலின் விளம்பரத்தைக் கண்டு சிகிச்சைக்கு வந்தனர். நீர்த்த காய்கறிச் சாறு சிறிதளவே அவர்களுக்கு உணவாகத் தரப்பட்டது. மாதங்கள் கழிந்தன. கிளேர் இறந்தபோது அவர் உடல் எடை 50 பவுண்டுக்கும் குறைவு. நம் கணக்கில் 23 கிலோவும் இல்லை. சகோதரியரைச் சிறுவயதில் வளர்த்த செவிலி ஆஸ்திரேலியாவிலிருந்து விரைந்து வந்து பார்த்தபோது, இறந்தவரின் உடைகளை மருத்துவச்சி அணிந்திருந்தாராம். சொத்துரிமைப் பத்திரங்களும் அவர் கைக்கு மாறியிருந்தன. டோரதியா எலும்பும் தோலுமாய் மீட்கப்பட்டார். 1912-இல் ஹாசர்டுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் ஆளுநரின் மன்னிப்புப் பெற்று, நியூசிலாந்து சென்று, மீண்டும் ஒலாலாவுக்கே வந்து பெரிய நிலையமும் கட்டினார். ஊரார் அவ்விடத்தைப் 'பட்டினி மேடு' என்று அழைத்தனர். 1938-இல் தாம் நோயுற்றபோது தம் சிகிச்சையையே தமக்கும் செய்துகொண்டு அவர் உயிர்துறந்தார். பிறரை ஏமாற்றினார் என்று மட்டும் சொல்லி இவரைக் கடந்துவிட இயலாமற் செய்வது இந்த இறுதிதான்.

ஜோகானஸ்பர்க்கில் ஒரு சந்திப்பு

மேலைநாட்டுப் பட்டினி மருத்துவமும் கீழைநாட்டு நோன்பும் ஒரு மனிதரின் வாழ்வில் சந்தித்தன. அவர் காந்தியடிகள். அச்சந்திப்பு நிகழ்ந்த இடம் தென்னாப்பிரிக்கா. அதனை அருகிருந்து கண்டவர்களுள் தமிழர் பலர் இருந்தனர்.

ஜோகானஸ்பர்க்கில் வழக்கறிஞராக இருந்தபோது காந்தியடிகளுக்கு மலச்சிக்கலும் தலைவலியும் அடிக்கடி வந்தன. நாளுக்கு மூன்று வேளை நிறைவான உணவு, பிற்பகலில் தேநீர் என்பது அப்போது அவர் வழக்கம். அவ்வேளையில் மான்செஸ்டர் நகரில் 'காலையுணவு மறுப்புச் சங்கம்' ஒன்று தோன்றிய செய்தியைப் படித்தார். ஆங்கிலேயர் அளவின்றியும் அடிக்கடியும் உண்பதால் மருத்துவச் செலவு பெருகுகிறது. காலையுணவையேனும் விடுங்கள் என்பது அச்சங்கத்தின் வாதம். இங்கிலாந்தைப் பற்றிச் சொன்னது தமக்கும் ஓரளவு பொருந்தும் எனக் கண்டு அவர் காலையுணவை நிறுத்தினார். சில நாள் துன்பம்; பின்னர் தலைவலி அறவே நீங்கிற்று. தாம் தேவைக்கு மிகுதியாக உண்டுவந்ததே காரணம் என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். இம்முடிவு மிகவும் அடக்கமானது. நச்சு வெளியேறிற்று, உடல் புதுப்பிக்கப்பட்டது என்றெல்லாம் அவர் கூறவில்லை. மிகுதியாக உண்டேன்; குறைத்தேன்; நலமடைந்தேன் என்றார்.

1910-இல் அவர் நண்பர் காலன்பாக் அளித்த 1100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை உருவாயிற்று. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. தமிழ்க் குழந்தைகள் பலர் இருந்தமையால், போப் அவர்களின் தமிழ்க் கையேட்டின் துணையோடு காந்தியடிகளே அவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். அந்தத் தமிழ் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சம் இனிக்கிறது. அப்பண்ணையில் ரமலான் மாதத்தில் முஸ்லிம் சிறுவர் நோன்பு நோற்றபோது, ஏனையோரும் ஒருவேளை உணவை ஏற்று அவர்களுக்குத் துணைநின்றனர். முஸ்லிம்கள் கதிரவன் மறையும்வரை காத்திருக்க, மற்றவர்கள் சற்று முன்னரே உண்டுவிட்டு அவர்களுக்கு உணவு சமைத்துப் பரிமாறினர்; தண்ணீர் அருந்தவும் மற்றவர்களுக்குத் தடையில்லை. ஒருவர் பசியில் மற்றவர் பங்குகொண்ட அந்நிகழ்ச்சி அவர் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பக்கமே; ஆயினும் பலமுறை படிக்கத்தக்க பக்கம்.

அதுவரை உடல்நலத்திற்காக உண்ணாதிருந்தவர், அப்பண்ணைக் காலத்தில்தான் புலனடக்கத்திற்காகவும் உண்ணாதிருக்கத் தொடங்கினார். பின்னர் பிராயச்சித்தத்திற்காகவும் நோற்றார். 1914-இல் பதினான்கு நாள் நோற்றபோது, போதிய தண்ணீர் அருந்தாமையால் தொண்டை வறண்டு, குரல் எழும்பாத அளவுக்குத் தளர்ந்தார். உண்ணாநோன்பில் தண்ணீரின் இன்றியமையாமையை அன்று அவர் அறிந்திருக்கவில்லை.

அவருக்குப் பின் 'உண்ணாவிரதம்' என்னும் சொல்லே நம் நாட்டில் பொருள் மாறிவிட்டது. இன்று அச்சொல் பந்தலையும் கோரிக்கையையும் நினைவூட்டுகிறதே அன்றி உடல்நலத்தை அன்று. லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத தாஸ் 1929-இல் 63-ஆம் நாள் மாண்டார். ஆந்திர மாநிலம் வேண்டிச் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று 58-ஆம் நாள் மாண்டார். தமிழ்நாடு என்ற பெயர் வேண்டி விருதுநகரில் நோன்பிருந்த சங்கரலிங்கனார் 76 நாள் தாங்கி, 1956 அக்டோபர் 13 அன்று உயிர்துறந்தார். இம்மூவரின் தியாகத்தை இங்கே குறிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. மெலிந்த உடல் பட்டினியை இரண்டு மாதம், ஏறினால் இரண்டரை மாதம் தாங்கும் என்பதை அவர்தம் வாழ்வு காட்டுகிறது. இவ்வெல்லைக்கு அடிப்படை என்ன என்பதைப் பின்னர் அறிவியல் தெளிவாக்கிற்று.

ஆய்வுக்கூடத்தில் பட்டினி

1912-இல் பாஸ்டன் நகரில் கார்னகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், மால்டா தீவைச் சேர்ந்த லெவான்சின் என்பவர் 31 நாள் தண்ணீர் மட்டும் அருந்திக் கிடந்தார். ஃபிரான்சிஸ் பெனடிக்ட் அவருடைய மூச்சையும் வெப்பத்தையும் சிறுநீரையும் அளந்து 1915-இல் பெருநூலாக வெளியிட்டார். ஏறத்தாழ 60 கிலோ இருந்தவர் 47 கிலோவானார். கரைந்தது கொழுப்பு மட்டும் அன்று, தசையும் கரைந்தது. பட்டினியைப் புகழ்ந்து எழுதியோர் பலரும் இச்செய்தியை மெல்லக் கடந்துசென்றனர்.

டூயி எழுப்பிய வினாவுக்கு, அதாவது பட்டினியில் மூளை எதை உண்டு வாழ்கிறது என்பதற்கு, விடை கிடைக்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓவன், காஹில் முதலிய அமெரிக்க ஆய்வாளர், பருத்த உடலினர் மூவரை ஐந்தாறு வாரம் உண்ணாதிருக்கச் செய்து ஆராய்ந்தனர். உணவு நின்றதும் கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். மூளைக்கோ நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை வேண்டும். கொழுப்பு, நேராகச் சர்க்கரையாக மாறும் தன்மை மிகக் குறைந்தது. எனவே உடல் தசையை உடைத்துச் சர்க்கரை ஆக்குகிறது. இந்த வேகத்தில் சென்றால் சில வாரங்களில் உயிர் போய்விடும். ஆனால் சில நாட்களுக்குள் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் பொருள்களை மிகுதியாக உண்டாக்க, மூளை தன் தேவையில் பெரும்பகுதிக்கு அவற்றை ஏற்றுக்கொள்கிறது. தசையின் அழிவு மெதுவாகிறது. ஆக, டூயி கண்ட அட்டவணை உண்மை. மூளை தானே தன்னைப் பேணிக்கொள்கிறது என்று அவர் சொன்ன விளக்கம் பொய். கொழுப்பு உள்ளவரையில்தான் இவ்வேற்பாடு நடைபெறும். அது தீர்ந்ததும் தசை வேகமாக அழியும். தசைகளுள் இதயமும் ஒன்று.

கொழுப்பு மிகுந்தவர்க்கு எல்லை நீளும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ஒருவர் சான்றானார். ஆங்கஸ் பார்பியேரி என்னும் 27 வயது இளைஞர் 1965-இல் தொடங்கி 382 நாள் உணவின்றி இருந்தார். ஈஸ்ட், வைட்டமின், உப்புச் சத்துகள் மட்டும் மருத்துவர் கண்காணிப்பில் தரப்பட்டன. 207 கிலோ இருந்தவர் 82 கிலோவானார். ஐந்தாண்டுக்குப் பின்னும் 89 கிலோ அளவிலேயே இருந்தார் என்று 1973-இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை தெரிவிக்கிறது. இதைக் கேட்டு யாரும் மயங்க வேண்டா. அதே காலத்தில் இவ்வாறு பட்டினி சிகிச்சை பெற்றவர்கள் இதயம் பழுதுபட்டு இறந்த செய்திகளும் மருத்துவ இதழ்களில் வந்தன; அதனால் அம்முறை கைவிடப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவில் கார்ஃபீல்டு டங்கன் 1962-இல் வெளியிட்ட முறை சற்று மென்மையானது. முழுப் பட்டினியைத் தொடராமல் இடைவிட்டு இடைவிட்டு விதித்தார். 'இடைவிட்ட' என்னும் அடைமொழி எடைக்குறைப்பு மருத்துவத்தில் அறுபது ஆண்டுப் பழமை உடையது என்பதை அறிக.

சர்க்கரை நோயாளியின் பட்டினி வரலாறு தனியாகவே எழுதத்தக்கது. இன்சுலின் கிடைக்காத காலத்தில், நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் ஃபிரடரிக் ஆலன் 1914 முதல் நோயாளிகளைப் பட்டினியிட்டே உயிரோடு வைத்திருந்தார். வேறு வழி அன்று இல்லை. எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி 14 வயதில் 20 கிலோவாகத் தேய்ந்து, 1922 ஆகஸ்டில் டொரான்டோ சென்று பான்டிங்கிடம் இன்சுலின் பெற்றாள். அதன்பின் 1981 வரை வாழ்ந்தாள். பட்டினி அவளுக்கு மூன்றாண்டு அவகாசம் அளித்தது. உயிரை அளித்தது மருந்து.

எலியும் கடிகாரமும்

1935-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே என்பவர் உணவைக் குறைத்து வளர்த்த எலிகள் நெடுநாள் வாழ்ந்தன. 1946-இல் சிகாகோவில் கார்ல்சனும் ஹோல்சலும், மூன்று நாளுக்கு ஒருநாள் பட்டினி கிடந்த எலிகள் ஆயுள் நீடிக்கக் கண்டனர். 2012-இல் சால்க் நிலையத்தில், ஒடிசாவில் பிறந்த சச்சிதானந்த பாண்டாவின் குழு, ஒரே கொழுப்புணவைச் சுண்டெலிகளின் ஒரு கூட்டத்திற்கு எந்நேரமும், மற்றொன்றுக்கு 8 மணி நேரம் மட்டும் அளித்தது. இரண்டாம் கூட்டம் பருக்கவில்லை. அதே ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் மைக்கேல் மோஸ்லி தோன்றி, வாரத்தில் இரண்டு நாள் மிகக் குறைவாக உண்ணும் முறையைப் பரப்பினார். உயிரணு தன் பழுதுகளைத் தானே செரித்துக்கொள்ளும் முறையை ஈஸ்டில் ஆராய்ந்த ஜப்பானியர் ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்ததும் விளம்பரத்தார்க்குக் கொண்டாட்டமாயிற்று. பரிசு ஈஸ்டு ஆய்வுக்கு. காலையுணவை விட்டவர்க்கு அன்று. சுண்டெலியோ, ஒருநாள் பட்டினியிலேயே தன் எடையில் கணிசமான பங்கை இழந்துவிடும் சிற்றுயிர். அதன் ஒருநாளும் நம் ஒருநாளும் ஒன்றல்ல.

மனிதரிடம் செய்த சோதனைகள் என்ன கூறின? 2017-இல் சிகாகோவில் 100 பேரை ஓராண்டு ஆராய்ந்ததில், ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்றவர்க்கும் நாள்தோறும் அளவோடு உண்டவர்க்கும் எடைக்குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; நோற்றவருள் பாதியில் விட்டு விலகியவர் மிகுதி. 2020-இல் வெளிவந்த ஆய்வில், நண்பகல் முதல் இரவு 8 மணி வரை மட்டும் உண்டவர்கள் 12 வாரத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இளைத்தனர். அவ்வாறு செய்யாதவர்களோடு ஒப்பிட அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. 2022-இல் சீனத்துக் குவாங்சௌ நகரில் 139 பேர் ஓராண்டு குறைந்த கலோரி உணவை உண்டனர். காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் உண்டவர் சராசரி 8 கிலோவும், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர் 6.3 கிலோவும் குறைந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே என்பது கணிப்பு. காந்தியடிகள் ஜோகானஸ்பர்க்கில் எழுதிய முடிவை இவ்வாய்வுகளின் அருகே வைத்துப் படித்தால் அதிக தூரம் விலகியிருப்பதாகத் தோன்றவில்லை. எண்ணி எண்ணி உண்பதைவிட, ஒருவேளையை விட்டுவிடுவது எளிது என்று காண்பவர்க்கு இம்முறை ஒரு வசதி. அவ்வளவே.

எனினும் ஒரு சாராருக்கு இது வசதியாக இராது, ஆபத்தாகும். என் பிரிவில் பணியாற்றும் நண்பர் ஒருவர், சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர், கைபேசியில் எவரோ கூறியதைக் கேட்டுக் காலையுணவை விட்டார், மாத்திரையை விடவில்லை. நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு மின்தூக்கியின் முன் வியர்த்து விழுந்தார். சிற்றுண்டிச் சாலைப் பையன் சர்க்கரை அள்ளிப்போட்ட தேநீரைக் கொண்டுவந்ததால் பிழைத்தார். உணவு வரும் என்ற கணக்கில் இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரைகள் உள. உணவு வராவிடில் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அது குறைத்துக்கொண்டே போகும். நம் குடியிருப்புகளில் நாற்பதைக் கடந்தவர் எத்தனை பேர் வீட்டில் அம்மாத்திரை இருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

இவ்வகையில் சமய நோன்பு தெளிவானது. நோயுற்றவரும் பயணம் செய்பவரும் ரமலான் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம் என்று குர்ஆனே விலக்கு அளிக்கிறது. நம் வீடுகளிலும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் நோயாளிக்கும் விரதம் இல்லை என்று பெரியோர் கூறிவிடுவர். நோயிருந்தும் நோற்க விரும்பும் முஸ்லிம்களுக்கெனச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2016-இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, 2021-இல் புதுப்பித்தது. ரமலானுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு நாளின் இடையிலும் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். அது 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும், கதிரவன் மறைய எத்துணை நேரம் எஞ்சியிருப்பினும், அப்போதே நோன்பை முடித்துவிட வேண்டும் என்று அது விதிக்கிறது.